எடு என்று சொல்லும் வரை

கலேபினா கலங்கரை விளக்கம்
2003 ஜனவரி 21

துயாம்,

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை போகவில்லை. இப்போதைக்கு வெறும் துயாம்தான்.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பேப்போவின் படகு வழி முழுக்கக் குட்டிக்கரணம் போட்டது. எனக்கு வாந்தி வரவில்லை, வருவதற்கு வயிற்றில் ஒன்றும் இருக்கவில்லை. உடனே முகத்தைச் சுளிக்காதே. நீ சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது.

நான் ஓடிப்போய்விட்டேன் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருப்பாய். ஓடவில்லை. என் சித்தப்பா பார்பா யெர்கோவோடு விளக்கைப் பார்த்துக்கொள்கிற ஆள் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். ஈஸ்டர் வரை மாற்று ஆள் வேண்டும் என்றார்கள், வந்தேன். நீ கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போன பிறகு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன் என்பது உண்மைதான். வாசலில் நின்று உன்னோடு இன்னொரு முறை கத்த எனக்குத் தெம்பில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ ராடைத் தொட்டாய்.

நம் ஜிம்மில் எழுதிப் போடாத சட்டம் ஒன்று உண்டு. பெஞ்சில் படுத்துத் தூக்குகிறவர் "எடு" என்று சொல்லும் வரை, பின்னால் நிற்கிறவர் கை ராடில் படக்கூடாது. பட்டால் அந்தத் தூக்கல் செல்லாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான், கல்யாணத்துக்கு முன்னால், நான் அந்த நிலவறைக்குள் முதன்முதலாக இறங்கி வந்த அன்றே. இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவையாவது "எடு" என்று சொல்லியிருக்கிறேனா? வின்கா சொல்லமாட்டாள் என்பது ஜிம்மில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கும் சொல்லவில்லை. எண்பது கிலோ மேலே போய்க்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் போனது, ஆனால் போனது. அத்தனை பேர் முன்னாலும் நீ குனிந்து, குழந்தை கையிலிருந்து கத்தியைப் பிடுங்குகிற மாதிரி பிடுங்கினாய்.

அக்டோபர் உடற்கட்டுப் போட்டியில் இரண்டாவது இடம் வந்தபோதுகூட எனக்கு இவ்வளவு அவமானமாக இல்லை.

இங்கே கண்ணாடி கிடையாது. பார்பா சவரம் செய்கிற உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சமயத்தில் ஒரு தோள் தெரியும், இல்லாவிட்டால் இடுப்பில் ஒரு பக்கம். வயிற்றுக் கோடுகள் இருக்கின்றனவா என்று மேலிருந்து கீழாக நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறேன். இருக்கின்றன.

காலையில் விளக்கின் பெரிய கண்ணாடி வில்லைக் கூண்டைத் துடைப்பது என் வேலை. அதற்குள் எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது. கடல் மேலே, வானம் கீழே, நடுவில் துணியும் கையுமாக ஒரு பெண் தொங்குகிறாள். முதல் நாள் அவள் யாரென்றே ஒரு நொடி புரியவில்லை. யாரோ எலும்பும் தோலுமாக, பாவம் என்று நினைத்தேன்.

ரேடியோவில் கூப்பிடாதே, நாம் பேசுவதை மத்தி மீன் பிடிக்கிற படகெல்லாம் கேட்கும். பேப்போவிடம் பெஞ்ச், ராடு, பிளேட்டுகள் கொடுத்தனுப்பு. போட்டி முடிந்தால் என்ன? வாரத்துக்கு ஆறு நாள் என்பதை நான் மாற்றப் போவதில்லை.

வின்கா


ஸ்பிளிட்
2003 பிப்ரவரி 4

வெறும் வின்காவுக்கு வெறும் துயாம் எழுதுவது.

தொட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போய்க்கொண்டிருந்தது என்கிறாயே, அது போகவில்லை. நின்றுவிட்டது. உன் இடது முழங்கை வெளியே சாய்ந்தது. கண் மேலே செருகியது. காலையிலிருந்து நீ சாப்பிட்டது வேகவைத்த கோழித் துண்டும் வெள்ளரிக்காயும். எனக்கு எப்படித் தெரியும் என்றால் எதிரே உட்கார்ந்து நானும் அதையேதான் தின்றேன். நான்கு வருஷமாகத் தின்கிறேன். எனக்கு யார் கப்புக் கொடுத்தார்கள்?

அம்மாவின் பிறந்தநாளும் ஞாபகம் வருகிறது. மாட்டிறைச்சியை ஒயினில் ஊறப்போட்டு, மெல்லிய தீயில் மணிக்கணக்காக வைத்து, உனக்காகவே பஷ்டிசாடா செய்தாள். நீ பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து, அவித்த மீனை வைத்துக்கொண்டாய். அம்மா எழுந்து போய்க் குழாயடியில் வெகுநேரம் கை கழுவினாள். எனக்கு உன் மேல் கோபம் வந்தது வின்கா, அதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

டாக்டரம்மாவை மார்க்கெட்டில் பார்த்தேன். "உங்க வீட்டுக்காரியோட உடம்புக்குப் போட்டி முடிஞ்சிடுச்சுன்னு யாராச்சும் சொல்லுங்களேன். அது இன்னும் மேடையிலேயே நின்னுக்கிட்டு இருக்கு. மாதாமாதம் வரவேண்டியது வரல, முடி கொட்டுது, தூக்கம் இல்ல. இப்படியே போனா நாப்பது வயசுல எலும்பு பொடியாயிடும்" என்றார். மீன்கடைக்காரி உட்பட எல்லாரும் கேட்டார்கள்.

நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். உடம்பை ஏற்றுகிற காலம் ஒன்று, செதுக்குகிற காலம் ஒன்று என்று நம்மவர்கள் இரண்டாகப் பிரித்து வைத்தது சும்மா இல்லை. நீ செதுக்குவதை நிறுத்தவே இல்லை. செதுக்க இனிமேல் கல் எங்கே இருக்கிறது? நடுவர் என்ன சொன்னார்? முதுகு நன்று, தோள் நன்று, தொடை போதாது. பட்டினி கிடக்கிற தொடை எங்கிருந்து வளரும்? ஆறு நாளை நான்கு ஆக்கு. அதில் இரண்டு நாள் காலுக்கு. ஓட்டத்தை விட்டுவிடு. பாரத்தைக் கூட்டு, தடவையைக் குறை, ஒரு செட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் உட்கார்ந்து நன்றாக மூச்சு வாங்கு. இடையிடையே ஒரு வாரம் பாதிப் பாரத்தோடு சோம்பேறியாக இரு. ரொட்டி, எண்ணெய், உருளைக்கிழங்கு எல்லாம் தின்னு. கால்சட்டைப் பொத்தான் போட முடியாத நாளில் எனக்கு எழுது, நான் கொண்டாடுகிறேன்.

எல்லாச் சாமானும் பேப்போ கொண்டு வருகிறான். பிளேட்டுக்குப் போடுகிற லாக்குகளை மட்டும் அனுப்பவில்லை. மறதி இல்லை. தனியாகப் பெஞ்சில் படுக்கிறவர் பிளேட்டைப் பூட்டக்கூடாது. மாட்டிக்கொண்டால் ராடை ஒரு பக்கம் சாய்த்தால் போதும், பிளேட் சரிந்து விழும், ஆள் பிழைத்துக்கொள்ளும். இது உனக்குத் தெரியும். ஆனால் உன் கை பழக்கத்தில் பூட்டிவிடும், அதனால்தான் லாக்குகள் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன.

ஜிம்முக்குச் சுங்கத்துறைக்காரர் ஒருவர் புதிதாக வருகிறார். நேற்று பெஞ்சில் படுத்து "எடு" என்றார். நான் ராடைப் பிடித்ததும் அவர் இரண்டு கையையும் விட்டுவிட்டார். முழுப் பாரமும் என் இடுப்பில்.

"யோவ், எடுன்னு சொல்லிட்டா விட்டுடறதா? நீயும் தள்ளணும்யா!"

"அதான் எடுத்துட்டீங்களே. அப்புறம் நான் எதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு இன்னும் குனிய முடியவில்லை. இது அந்தச் சட்டத்தின் பின்பாதி. உனக்குச் சொல்லிக்கொடுக்க வாய்ப்பே வரவில்லை, முன்பாதியை நீ சொன்னால்தானே.

தொட்டவன்,
துயாம்


கலேபினா
2003 பிப்ரவரி 18

துயாம்,

யூகோக் காற்று அடிக்கிறது. தெற்கிலிருந்து ஈரமாக, ஓயாமல். சுவர் வியர்க்கிறது, உப்பு கட்டி கட்டியாகிவிட்டது. யூகோ நாளில் சொன்னதை யாரும் கணக்கில் வைப்பதில்லை என்பதால் தைரியமாக எழுதுகிறேன்: நீ ஒரு முட்டாள். உன் அம்மாவை வைத்து என்னை அழவைக்கப் பார்க்கிற முட்டாள்.

சாமான் வந்தது. இறக்கும்போது பேப்போவும் அவன் ஆளும் பேசிய வார்த்தைகளை எழுதினால் தபால்காரர் இந்தக் கடிதத்தைக் கொளுத்திவிடுவார். இங்கே சுமை ஏற்ற ஒரு கழுதை இருக்கிறது. பெயர் மந்திரி. எந்த மந்திரி என்று பார்பாவைக் கேட்டால், "எல்லா மந்திரியுந்தான்" என்கிறார். பிளேட்டுகளைப் பார்த்ததும் மந்திரி பாறை மேலேயே உட்கார்ந்துவிட்டான். நானே ஒவ்வொன்றாக மேலே சுமந்தேன். பார்பா வாசலில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார்.

"புள்ள, மந்திரிக்காச்சும் சுமந்தா புல்லு கெடைக்குது. உனக்கு என்னடி தர்றாங்க?"

"கப்பு."

"கப்புக்குள்ள என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

"அப்ப மந்திரிதான் விவரமானவன்."

நீ லாக் அனுப்பாவிட்டால் உலகத்தில் கயிறு இல்லையா? படகு கட்டுகிற கயிற்றால் இரண்டு பக்கமும் பிளேட்டைக் கட்டியிருக்கிறேன். அப்பா சொல்லிக்கொடுத்த முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். பிளேட் கலகலவென்று ஆடினால் எனக்குப் பிடிக்காது. நான் தனியாக இருக்கிறேன் என்பது ராடுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை.

மறுநாள்.

காற்று திரும்பிவிட்டது. வானம் கழுவி விட்டாற்போல் இருக்கிறது. நானும் கொஞ்சம் திரும்பியிருக்கிறேன். மேலே எழுதியதில் முட்டாளை மட்டும் அடித்துவிடு, மிச்சம் இருக்கட்டும்.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. எனக்கும் அந்த ஃபியாகாச் சோம்பல் வந்துவிட்டது.

சிரிக்காதே. அம்மா இருந்தபோது என்ன சொல்வாள் என்று உனக்குத் தெரியும். "இவ ஸ்பிளிட்காரியே இல்ல. ஆஸ்பத்திரியில புள்ளைய மாத்திட்டாங்க. எங்க சனத்துல ஃபியாகா வராத ஒரு ஜென்மம் உண்டா?" ஊரே மத்தியானம் கண் சொருகிக் கிடக்கும்போது படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவள் நான்.

இன்றைக்கு பார்பா மீன் குழம்பு வைத்தார். ஒரே ஒரு வாய் ரொட்டியைத் தோய்த்துப் பார்த்தேன். ஒரே வாய்தான். அப்புறம் பார்த்தால் தட்டு காலியாக இருந்தது. பார்பா சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், எழுந்து பாத்திரம் கழுவ வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. சுவர் வெயிலைக் குடித்து வெதுவெதுவென்று இருந்தது. கடல் நகரவில்லை. மந்திரியின் நிழல் என் கால் மேல் மெல்ல ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போனது. நான் தூங்கவில்லை துயாம், கண் திறந்துதான் இருந்தது. ஆனால் எனக்கு ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை. சாப்பிடவும் வேண்டாம், சாப்பிடாமல் இருக்கவும் வேண்டாம். என் கால்கள் வேறு யாருடையவோ போல வெயிலில் கிடந்தன. கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைத்த படகு இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. தூரத்தில் ஒரு வெள்ளைக் கப்பல் போனது. அது போனதா, அல்லது நான் அதை நினைத்தேனா என்று இப்போதும் நிச்சயமில்லை.

எழுந்தபோது வெயில் தீவின் மறுபக்கம் போயிருந்தது. அப்போதுதான் பயம் பிடித்தது. சாப்பிட்டிருக்கிறேன், பயிற்சியும் செய்யவில்லை. சவரக் கண்ணாடியை எடுத்து வயிற்றைப் பார்த்தேன். ஒரு கோட்டைக் காணோம்.

நாளைக்கு எல்லாவற்றையும் இரண்டு மடங்காகச் செய்யப்போகிறேன்.

வின்கா


ஸ்பிளிட்
2003 மார்ச் 4

வின்கா,

முதலில் எழுந்து போய் அந்தக் கயிற்றை அறுத்துவிட்டு வா. பிறகு மிச்சத்தைப் படி.

அறுத்தாயா? சரி.

உனக்கு ஃபியாகா வந்தது என்பதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மேஜையில் வைத்து, வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்தேன். ஆமாம், மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. கூட இல்லாமல் போனேனே என்று இருந்தது. மேலே ஏறி இறங்கிய அந்தக் கழுதை நிழலாகவாவது இருந்திருக்கலாம்.

பட்டறையில் பெரிய கிரேன் மேல் ஏறினால் கடைசித் தீவு வரை தெரியும். அதற்கும் அப்பால்தான் நீ இருக்கிறாய் என்று தெரிந்தேதான் ஏறினேன். கடல் ஒரு கோடாகப் போய் முடிந்தது. முடிந்த இடத்தில் ஏதோ மினுங்கியது, ஒருவேளை என் கண்ணாகவும் இருக்கலாம்.

கிரேன்காரன் கேட்டான், "என்னய்யா இவ்வளவு நேரமா பாக்குற?"

"பொண்டாட்டிய."

"தெரியுறாளா?"

"இல்ல."

"அவ்வளவு தூரத்துல இருந்தா என் பொண்டாட்டியக்கூட நான் நாள் முழுக்கப் பாப்பேன்."

அன்றைக்கு நடந்ததை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், அதற்கப்புறம் அந்தப் பேச்சு வேண்டாம். ராடு நின்றபோது நான் ராடைப் பார்க்கவில்லை. உன் கழுத்தைப் பார்த்தேன். அது அவ்வளவு மெலிந்திருந்ததை நான் வீட்டில் பார்த்ததில்லை, ஏனென்றால் வீட்டில் நீ எப்போதும் என்னைத் தாண்டி வேறெங்கோ போய்க்கொண்டிருப்பாய். அந்தக் கழுத்துக்கு மேலே எண்பது கிலோ. நீ வாயைத் திறந்தாய். எடு என்று சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டாய். செத்தாலும் சொல்லமாட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அதனால்தான் தொட்டேன். சட்டம் எனக்கும் தெரியும். நீ இல்லாமல் அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

துயாம்


கலேபினா
2003 மார்ச் 6

துயாம்,

பேப்போ அவசரப்படுத்துகிறான், மேற்கே மேகம் கட்டியிருக்கிறதாம். உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. கயிறு நீ சொல்வதற்கு முன்பே அறுத்தாயிற்று. நான் நன்றாக இருக்கிறேன். படிக்கட்டில் சின்னச் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. கழுத்து மூடின கம்பளிச் சட்டை ஒன்று அனுப்பு, பச்சை நிறத்தது. சிகரெட்டை விடு.

வி.


ஸ்பிளிட்
2003 மார்ச் 20

வின்கா,

பேப்போ கரையில் இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் ஜிம்முக்கு வந்தான்.

"உன் பொண்டாட்டிக்குக் கழுத்துக்குக் கீழ கத்திரிக்கா நெறத்துல கன்னிப்போயிருக்கு. படிக்கட்டுல விழுந்தேங்கிறா. ஏன்டா, எந்தப் படிக்கட்டுடா ரூல் தடி வச்ச மாதிரி நேர்கோடு போடும்?"

சுங்கத்துறைக்காரர் வரைக்கும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிளேட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தேன். அடுக்கினதையே மறுபடி அடுக்கினேன்.

பச்சைச் சட்டை இதோடு வருகிறது. திட்டப் போவதில்லை. திட்ட வேண்டியதெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டாயிற்று. போட்டியா நானா என்றும் கேட்கவில்லை, எனக்கு நீ உயிரோடு வேண்டும், அவ்வளவுதான். ஈஸ்டருக்கு அந்த ஆள் கால் குணமாகித் திரும்புகிறான் என்கிறார்கள். நீ வீட்டுக்கு வருவாயா என்பதை எழுது.

அப்புறம் இன்னொன்று. ராடு உன் மேல் இருந்தபோது, அந்த வார்த்தையைச் சொன்னாயா?

துயாம்


கலேபினா
2003 ஏப்ரல் 6

அன்புள்ள துயாம்,

சொன்னேன்.

உனக்கு ஃபியாகாவைப் பற்றி எழுதிய மறுநாளே. இரண்டு மடங்கு செய்கிறேன் என்று கிளம்பினவள், கடைசியில் பெஞ்சில் படுத்தேன். எண்பது கிலோ. நெஞ்சு வரை இறங்கியது. பாதி வரை ஏறியது. நின்றது. நீ சொன்ன மாதிரியே நின்றது, இடது முழங்கை சாய்ந்தது. அப்போதுதான் ஜனவரியில் அது போய்க்கொண்டிருக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. திரும்ப நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு பக்கம் சாய்த்தேன். அப்பாவின் முடிச்சு அசையவில்லை.

"எடு" என்றேன். முதலில் மெதுவாக, யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்பதுபோல. அப்புறம் கத்தினேன். பார்பா சுவருக்கு அந்தப் பக்கம் ஃபியாகாவில் கிடந்தார், பீரங்கி வெடித்தாலும் எழமாட்டார். என் தலைக்குப் பின்னால், சரியாக நீ நிற்கிற இடத்தில், மந்திரி வந்து நின்றான். குனிந்து என் முகத்தைப் பார்த்தான். கோபித்துக்கொள்ளாதே, உன் கண் மாதிரியே இருந்தது.

"எடுடா" என்றேன் அவனிடம். "எடுடா, தயவுசெஞ்சு எடுடா."

காதை ஆட்டினான்.

கடைசியில் ராடை உருட்டித்தான் தப்பித்தேன். நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து இடுப்புக்கு, அங்குலம் அங்குலமாக. முந்தின நாள் பார்பாவின் குழம்பில் உப்பின வயிற்றின் மேல் உருண்டு வந்தது. எந்த வயிற்றைப் பார்த்துப் பயந்தேனோ அதன் மேலேதான். எழுந்து உட்கார்ந்து சிரித்தேன், சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. பார்பா வந்து, கேட்காமலே கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். "நல்ல முடிச்சு. எங்கண்ணன் சொல்லிக்குடுத்தது. கப்பலக் கட்டச் சொல்லிக்குடுத்தான், உன்னையக் கட்ட இல்ல" என்றார். உன்னிடம் படிக்கட்டு என்று எழுதியது வெட்கத்தால். மன்னித்துக்கொள்.

அதற்கப்புறம் கையைத் தூக்கவே முடியாமல் இரண்டு வாரம் சும்மா இருந்தேன். சும்மா இருந்தேன் என்று எழுத எவ்வளவு விசித்திரமாக இருக்கிறது. சாப்பிட்டேன். கீரையும் உருளைக்கிழங்கும் எண்ணெய் மிதக்க. தூங்கினேன். விழித்திருக்கும்போதும் பாதி தூக்கத்தில் இருந்தேன். பாறையில் உட்கார்ந்தால் கடல் மூச்சு விடுவது தெரியும், அதோடு சேர்ந்து நானும் விடுவேன், எது யாருடைய மூச்சு என்ற கவலை போய்விட்டது. தோள் ஆறியதும் உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். நான்கு நாள்தான் செய்கிறேன். இரண்டு நாள் காலுக்கு. ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிறேன். ஒரு செட் முடிந்தால் கல்லில் உட்கார்ந்து, ஒரு படகு கண்ணுக்கு மறையும் வரை அடுத்ததைத் தொடுவதில்லை. போன வாரம் பாதிப் பாரம்தான். பெஞ்ச் பக்கம் போகவில்லை. அதன் மேல் மந்திரியின் வைக்கோல் இருக்கிறது.

கால்சட்டைப் பொத்தான் தெறித்துக் கிணற்றுக்குள் விழுந்தது. கொண்டாடிக்கொள்.

தொடை வந்திருக்கிறது துயாம். நான்கு வருஷம் கெஞ்சியும் வராதது. கை வைத்துப் பார்த்தாலே தெரிகிறது, கண்ணாடி தேவையில்லை. பார்பா, "புள்ள, மந்திரி பக்கத்துல போய் நிக்காத, அவன் வெக்கப்படுறான்" என்கிறார்.

இன்னொன்றும் வந்தது. போன வருஷம் முழுக்க வராதது. காலையில் விளக்கைத் துடைக்கும்போது தெரிந்தது. தீவில் என்னைத் தவிர இரண்டு ஆண்கள், அதில் ஒருவன் கழுதை. யாரிடம் சொல்வேன்? துணியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கண்ணாடிக்குள் அவளும் தலைகீழாக நின்றாள், கன்னம் உப்பி, தலைமுடி காற்றில் பறந்துகொண்டு. இந்தத் தடவை அவள் யாரென்று தெரிந்தது. உன்னிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

இந்த அக்டோபரில் நான் மேடை ஏறவில்லை. ஒரு வருஷம் முழுக்க ஏற்றுகிற காலம்தான். அடுத்த வருஷம் ஏறுவேன், தொடையோடு.

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே இது சுலபம். உள்ளங்கைக் கண்ணாடியும் ஒரு கழுதையும்தான். அங்கே ஜிம்மில் நான்கு சுவரிலும் கண்ணாடி. அந்தப் படியில் இறங்கி, இந்த வயிற்றோடு, இந்தக் கன்னத்தோடு, எல்லாருடைய கண்ணுக்கும் நடுவில் நடக்கவேண்டும். திரும்ப டப்பாவைத் திறந்துவிடுவேனோ, திரும்ப ஆறு நாளுக்கே போய்விடுவேனோ? இது எண்பது கிலோவை விடப் பாரமாக இருக்கிறது. எவ்வளவோ தள்ளிப் பார்த்துவிட்டேன். பாதி வரைதான் வருகிறது.

பல்லைக் கடித்துக்கொள்ளவில்லை. யூகோவும் அடிக்கவில்லை, அதனால் இது கணக்கில் உண்டு. ஜிம்மில் எல்லாரிடமும் சொல்லிக்கொள்.

துயாம், எடு.

வின்கா


ஸ்பிளிட்
2003 ஏப்ரல் 12

என் வின்கா,

பேப்போ வியாழக்கிழமை கிளம்புகிறான், நானும் கூட வருகிறேன். இந்தக் கடிதத்தை முன்னால் போகிற மீன்படகில் கொடுத்தனுப்பச் சொன்னதே அவன்தான், "சொல்லாமக் கொள்ளாமப் போய் நின்னா பிளேட்டத் தூக்கி எறிவாடா" என்கிறான். அதனால் சொல்லிவிட்டு வருகிறேன்.

அம்மா இப்போதே இறைச்சியை ஒயினில் போட்டுவிட்டாள். உன் கடிதத்தில் கிணற்றில் விழுந்த பொத்தானை மட்டும் படித்துக் காட்டினேன். ஒரு பெரிய தூக்குப்பாத்திரம் வருகிறது, படகில் அதைப் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு வேலையாம். லாக்குகளை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் மாட்டிவிட்டேன், இனி நீ தனியாகப் படுக்கப் போவதில்லை.

ஜிம்மில் யாரிடமும் சொல்லவில்லை. சுங்கத்துறைக்காரரிடம்கூட. அது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

நான் வருகிறபோது துறையில் நிற்பாய். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். எடுத்துட்டேன்டி. புடிச்சாச்சு. ஆனா கைய மட்டும் விட்டுடாத. நீயும் தள்ளு.

துயாம்